ஏட்டுச் சுரைக்காயும் இருபத்தாறு கோடி டாலரும்

2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நானும் என் மனைவியும் அமெரிக்காவில், பால்டிமோரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். பேரன் பிறந்திருந்த சமயம். குழந்தை தூங்கும் நேரத்தில் எனக்கிருந்த ஒரே வேலை தொலைக்காட்சி பார்ப்பதுதான். எந்த உள்ளூர் சேனலைத் திருப்பினாலும் ஒரே முகம், ஒரே பேச்சு: லமார் ஜாக்சன் கையெழுத்துப் போடுவாரா, மாட்டாரா?

அமெரிக்கக் கால்பந்து பற்றி நம் சங்க அன்பர்களில் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதுவரை எனக்கும் தெரியாது. பெயர்தான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கிறது. அதை யாரிடம் எறிவது, அல்லது தானே எடுத்துக்கொண்டு ஓடுவதா என்று ஓரிரு விநாடிகளில் முடிவு செய்பவர் குவார்ட்டர்பேக். அணிக்கு மூளை அவர்தான். ஆகவே சம்பளமும் அவருக்குத்தான் அதிகம்.

ஜாக்சன் பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் குவார்ட்டர்பேக். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர்; தாயார் பெலிஷியா ஜோன்ஸ்தான் வளர்த்து, பயிற்சியும் கொடுத்தார். 2018-இல் முதல் சுற்றுத் தேர்வின் கடைசி ஆளாக, 32-ஆவதாக எடுக்கப்பட்டார். மறு ஆண்டே ஒரு வாக்கும் சிதறாமல் லீகின் சிறந்த வீரராகத் தேர்வானார். அங்கே புதிதாக வருபவர்களின் சம்பளம், எத்தனையாவதாக எடுக்கப்பட்டார்கள் என்பதை வைத்தே ஏறக்குறைய நிர்ணயமாகிவிடுகிறது. பேரம் பேச இடமே இல்லை. எனவே இரண்டாவது ஒப்பந்தம்தான் ஒரு வீரர் வாய் திறந்து கேட்கக்கூடிய முதல் ஒப்பந்தம். அதற்காகத்தான் அந்த இழுபறி.

ஐந்து வருடத்துக்கு 25 கோடி டாலர் தருவதாகச் சொல்லியும் அவர் மறுத்துவிட்டார் என்று பத்திரிகைகளில் வந்திருந்தது. "இது பேராசை இல்லாமல் வேறென்ன?" என்றேன் சாப்பிடும்போது. மகன் சிரித்தான். "அப்பா, நீங்க முப்பது வருஷம் பர்சனல் டிபார்ட்மென்டில் இருந்தவர். எவ்வளவு தர்றாங்கன்னு பார்க்காதீங்க. அதில் எவ்வளவு உறுதின்னு பாருங்க."

அப்புறம்தான் எனக்கு விஷயம் விளங்கிற்று. அமெரிக்காவில் பேஸ்பால், கூடைப்பந்து ஆட்டக்காரர்களின் ஒப்பந்தத் தொகை பெரும்பாலும் அப்படியே உறுதியானது. கால்பந்தில் அப்படியில்லை. ஐந்து வருடம் என்று எழுதிவிட்டு, மூன்றாம் வருடம் "போய் வா" என்று அணி அனுப்பிவிடலாம். உறுதி அளிக்கப்படாத பாக்கித் தொகை ஏட்டுச் சுரைக்காய்தான்; கறிக்கு உதவாது. மறுத்ததாகச் சொல்லப்பட்ட 25 கோடியில் உறுதியானது 13.3 கோடி என்றுதான் செய்தி. எலும்பை முறித்துக்கொள்ளும் ஆட்டம் அது. 2022 டிசம்பரில் ஜாக்சனுக்கே முழங்காலில் அடிபட்டு, அந்த சீசனின் மீதி ஆட்டங்கள் முழுவதையும் இழந்தார். அப்படிப்பட்டவர் உறுதியைக் கேட்டால் அது பேராசையா?

அவர் கேட்டதற்கு முன்னுதாரணமும் இருந்தது. 2018-இல் கர்க் கசின்ஸ் மின்னசோட்டா அணியிடம் மூன்று வருடத்துக்கு 8.4 கோடி டாலர், முழுவதும் உறுதியாக வாங்கினார். 2022-இல் கிளீவ்லாந்து அணி டெஷான் வாட்சனுக்கு ஐந்து வருடத்துக்கு 23 கோடி டாலர், ஒரு காசு விடாமல் உறுதியென்று எழுதிக் கொடுத்தது. மற்ற முதலாளிகளுக்கு இது பிடிக்கவில்லை. முழுத் தொகைக்கும் உறுதி கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்று ரேவன்ஸ் முதலாளியே வெளிப்படையாக வருத்தப்பட்டார்.

2023 மார்ச்சில் ரேவன்ஸ் நிர்வாகம் தன் கையிலிருந்த துருப்பை இறக்கியது. ஒப்பந்தம் முடிந்த ஒரு வீரரை இன்னும் ஒரு வருடத்துக்குத் தன்னிடமே நிறுத்திக்கொள்ள அணிக்கு உரிமை உண்டு. 'பிராஞ்சைஸ் டேக்' என்று பெயர். அந்த ஒரு வருடச் சம்பளம் 3.24 கோடி டாலர். வேறு அணி அவரிடம் பேசலாம். ஆனால் அதே தொகையைத் தந்து ரேவன்ஸ் அவரை வைத்துக்கொள்ளலாம். விட்டுக்கொடுத்தால் எடுத்துக்கொள்ளும் அணி இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளை ஈடாகத் தர வேண்டும். தன்னை வேறு அணிக்கு மாற்றும்படி கேட்டுவிட்டதாக ஜாக்சன் பகிரங்கமாக அறிவித்தார். குவார்ட்டர்பேக் இல்லாமல் திண்டாடிய அணிகள் எத்தனையோ இருந்தன. ஒன்றாவது வாய் திறக்க வேண்டுமே! திறக்கவில்லை.

இது தற்செயல்தானா? 2022 அக்டோபரிலேயே வீரர்கள் சங்கம், முதலாளிகள் கூடிப் பேசிக்கொண்டு உறுதித் தொகையைக் குறைக்கிறார்கள் என்று புகார் கொடுத்திருந்தது. 2025 ஜனவரியில் மத்தியஸ்தர் தீர்ப்பு வந்தது. 2022 மார்ச்சில் நடந்த முதலாளிகள் கூட்டத்தில் உறுதித் தொகையைக் குறைக்கும்படி லீக் நிர்வாகம் அணிகளைத் தூண்டியது உண்மை என்றார் அவர். ஆனால் அணிகள் கூடிப் பேசி அதன்படி நடந்தன என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று புகாரைத் தள்ளிவிட்டார். இந்தத் தீர்ப்பை லீகும் சரி, வீரர்கள் சங்கமும் சரி, காதும் காதும் வைத்தாற்போல் மூடி வைத்திருந்தன. 2025 ஜூனில் ஒரு பத்திரிகையாளர்தான் வெளியே கொண்டுவந்தார். புகார் கொடுத்த சங்கமே ஏன் மூடி வைக்க வேண்டும்? சங்கம் நடத்துகிறவர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும். அங்கே ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2023-இல் அது 22.48 கோடி டாலர். குவார்ட்டர்பேக் அதிகம் எடுத்தால், அவரைக் காக்க முன்வரிசையில் அடி வாங்குகிறவனுக்குக் குறையும். இது நியாயமான கவலை, நான் மறுக்கவில்லை. ஆனால் 1994-இல் தொடங்கியபோது 3.46 கோடியாக இருந்த அந்த வரம்பு 2025-இல் 27.92 கோடியாகிவிட்டது. வருமானம் அப்படி வளர்கிறது. "அணிக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடு" என்ற உபதேசம் மட்டும் எப்போதும் தொழிலாளிக்கே செய்யப்படுகிறது. முதலாளிக்கு யாரும் செய்வதில்லை.

ஜாக்சனிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. அவர் ஏஜெண்ட் வைத்துக்கொள்ளவில்லை. தாயார் துணையுடன் தானே பேசினார். தரகுப் பணம் மிச்சம்தான். ஆனால் பேச்சுவார்த்தை மேஜையில் எதிர்த்தரப்பு உங்கள் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும். அதை நேரடியாகக் காதில் வாங்கினால் மனம் கசந்துவிடும். நடுவில் ஒருவர் இருந்தால் கசப்பு அவரோடு நின்றுவிடும். எத்தனையோ ஊதிய ஒப்பந்தங்களில் நிர்வாகத் தரப்பில் உட்கார்ந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

கடைசியில் ஏப்ரல் 17-ஆம் தேதி பிலடெல்பியாவின் ஜேலன் ஹர்ட்ஸுக்கு 25.5 கோடி என்று முடிவாயிற்று. பத்து நாளில் ஜாக்சனுக்கும் முடிந்தது: ஐந்து வருடம், 26 கோடி, அதில் உறுதி 18.5 கோடி. கையெழுத்துக்கான போனஸ் மட்டும் 7.25 கோடி. முழு உறுதி கிடைக்கவில்லை. ஆனால் முதலில் பேசப்பட்டதற்கும் முடிந்ததற்கும் உறுதித் தொகையில் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். மொத்தத் தொகை ஒரு கோடி ஏறியது. உறுதியென்று செய்திகளில் வந்த தொகை ஐந்து கோடிக்கு மேல் ஏறியது. அந்த சீசனிலேயே இரண்டாம் முறையாகச் சிறந்த வீரர் விருதும் வாங்கினார்.

கோடிகளில் புரளும் ஒருவருக்காக மாத சம்பளக்காரனான நான் ஏன் இவ்வளவு பேச வேண்டும்? காரணம் உண்டு. ஊரை விட்டு மும்பைக்கு வந்த எங்கள் தலைமுறைக்கு வேலை கிடைத்ததே பெரிது. சம்பளத்தைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தோம். நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் எனக்கு ஊதிய உயர்வு தந்தபோதெல்லாம் அடிப்படைச் சம்பளத்தைத் தொடாமல் படிகளையே ஏற்றினார்கள். மொத்தத்தைப் பார்த்து மகிழ்ந்து கையெழுத்துப் போட்டேன். பிராவிடண்ட் பண்டும் கிராஜுவிட்டியும் அந்த நாளில் அடிப்படையையும் பஞ்சப்படியையும் வைத்துத்தான் கணக்காயின என்பதைத் தொழிலாளர்களுக்கு விளக்கும் இடத்தில் இருந்தவனே நான்! ஓய்வு பெற்ற அன்று கைக்கு வந்த தொகையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. இன்றுவரை என் மனைவியிடம்கூட அதை முழுதாகச் சொன்னதில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

உங்கள் பிள்ளைக்கோ பெண்ணுக்கோ வேலைக் கடிதம் வந்தால், வருடத்துக்கு இத்தனை லட்சம் என்று மேலே போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு இனிப்பு வாங்கப் புறப்படாதீர்கள். மாதா மாதம் கைக்கு வருவது எவ்வளவு, நிர்வாகம் மனம் வைத்தால் வருவது எவ்வளவு, நடுவில் நிறுத்திவிட்டால் என்ன தருவார்கள் என்று மூன்றையும் கேட்கச் சொல்லுங்கள். அனுபவமுள்ள ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். நம் சங்கத்திலேயே அப்படிப்பட்டவர்கள் பலர் இருக்கிறோம். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பது நம் பழமொழி. எதற்காக அழ வேண்டும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது நம் கடமை.