சிறுதேர் செய்த கைகள் எங்கே?

குறுந்தொகையின் 61ஆம் பாட்டில் ஒரு சிறுதேர் வருகின்றது. தச்சன் செய்து தந்த தேர் அது. அதன்மேல் ஏறிச் செல்லுதல் இயலாது. ஆயினும் அதனைக் கையால் இழுத்துச் செல்வதிலேயே சிறுவர் பேரின்பம் கொள்வர் என்று பாடுகின்றார் தும்பிசேர் கீரனார். பட்டினப்பாலையில், குதிரை பூட்டாமல் சிறுவர் உருட்டிச் செல்லும் மூன்றுருளைச் சிறுதேர் வருகின்றது. பெரும்பாணாற்றுப்படையிலும் அத்தகைய தேர் உண்டு. பின்னாளில் எழுந்த பிள்ளைத்தமிழ் நூல்கள், சிறுதேர் உருட்டுதலை ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமாகவே வைத்துப் பாடின.

இப் பாடல்களை ஆண்டுதோறும் தமிழாசிரியர்கள் வகுப்பறையில் நடத்துகின்றனர். மாணவர் அருஞ்சொற்பொருள் எழுதுகின்றனர், மதிப்பெண்ணும் பெறுகின்றனர். ஆனால், அப் பாட்டிலுள்ள தேரை ஒருமுறையேனும் தன் கையால் செய்து பார்த்த மாணவன் எத்தனை ஊரில் உள்ளான்? செய்து பார்க்கச் சொன்ன ஆசிரியர் எத்தனை பேர்? இவ் வினாவுக்கு விடை தேடப் புகுவோர் தலைகுனியவே நேரும்.

பெரியதோர் ஊர்தியை அளவு பிறழாமற் சிறியதாகச் செய்து, அதற்குரிய வண்ணமும் தீட்டி நிறுத்தும் கலை இன்று உலகின் பல நாடுகளில் பல்லாயிரவர் பயிலும் கலையாக வளர்ந்துள்ளது. இதனைச் 'சிற்றுருக் கலை' எனலாம். வானூர்தி, கப்பல், உந்து, தொடர்வண்டி, போரூர்தி ஆகிய அனைத்தும் இக் கலையில் அடங்கும். ஞெகிழியால் வார்த்த உறுப்புகள், கொடியிற் காய்த்த காய்கள்போல ஒரு சட்டத்தில் ஒட்டியபடியே பெட்டியில் வரும். அவற்றை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, பிசிறு நீக்கி, உப்புத்தாளால் தேய்த்து, பசையிட்டுப் பொருத்தி, இடைவெளிக்குப் பட்டி பார்த்து, முதற்பூச்சிட்டு, அதன்மேல் வண்ணம் தீட்டி, எண்ணும் குறியும் அச்சிட்ட மெல்லிய படலத்தை நீரில் நனைத்து ஒட்டி முடிக்கும்வரை, செய்பவனின் கண்ணும் கையும் கருத்தும் ஒன்றியே இயங்குதல் வேண்டும்.

இக் கலையின் உயிர் அளவே. வானூர்திச் சிற்றுருக்களில் பெருவழக்காக உள்ளது 72இல் 1 என்னும் அளவு. அஃதாவது, 6 அடி உயரமுள்ள ஆள் 1 அங்குலமாகச் சுருங்குவான். ஏறத்தாழ 37 அடி அகலத்திற்குச் சிறகு விரித்த ஆங்கிலரின் 'சுபிட்பையர்' என்னும் போர் வானூர்தி, 6 அங்குலத்திற்குச் சற்றே மிகுந்த அளவில் உள்ளங்கையில் வந்து அமர்ந்துவிடும். நீளம் 72இல் 1 ஆகும்போது பரப்பு 5,184இல் 1 ஆகின்றது. கன அளவோ 3,73,248இல் 1 ஆகின்றது. கரும்பலகையில் ஆறு திங்கள் எழுதிக் காட்டினும் மாணவன் நெஞ்சிற் பதியாத இவ் வுண்மை, ஒரு சிற்றுருவைக் கையில் ஏந்திய அன்றே பதிந்துவிடும். வண்ணப்பூச்சுக்கும் இஃதே கணக்கு. ஒரு மில்லி மீட்டரில் பத்திலொரு பங்கு தடிப்பாகப் பூசப்பட்ட வண்ணம், உண்மை வானூர்தியில் 7 மில்லி மீட்டருக்கும் மேற்பட்ட தடிப்பில் அப்பியதற்கு ஒப்பாகும். ஆகலின், மெல்லெனப் பூசி, உலரவிட்டு, மீண்டும் மெல்லெனப் பூசுதல் வேண்டும். பொறுமை என்னும் பண்பைச் சொல்லாமற் சொல்லித் தரும் பள்ளி இதனினும் வேறு யாது?

இக் கலை ஞெகிழியில் வளர்ந்த கதை ஆங்கில நாட்டில் தொடங்குகின்றது. 1936ஆம் ஆண்டில் 'பிராக்கு' என்னும் பெயரில் பறக்கும் சிறு வானூர்திகளை விற்றுவந்தோர், பறவா வானூர்தித் தொகுதிகளை 72இல் 1 அளவில் வெளியிட்டனர். அவற்றுக்குப் பறக்கவியலாப் பறவையான 'பெங்குயின்' பெயரையே நகைச்சுவை தோன்றச் சூட்டினர். 1950களில் 'ஏர்பிக்சு' நிறுவனம், திரேக்கு என்னும் கடலோடியின் 'கோல்டன் ஐண்டு' கப்பலைச் சிற்றுருவாக்கி 2 சில்லிங்கு விலைக்குக் கடைத்தெருவில் விற்றது. பின்னர்ச் சுபிட்பையரையும் வெளியிட்டது. இவ்வாறு, செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே கிட்டிய ஒரு கலை எளியோர் வீட்டுப் பிள்ளைகளின் கைக்கும் எட்டிற்று.

ஆயினும், தமிழர் உற்றுநோக்க வேண்டிய நாடு சப்பானே.

சிசுவோக்கா என்பது சப்பானில் மரவேலைக்குப் பெயர்பெற்ற நகர். 1945ஆம் ஆண்டு சூன் திங்களில் அமெரிக்க வானூர்திகள் வீசிய தீக்குண்டுகளால் அந் நகர் எரிந்தது. அதற்கு மறு ஆண்டில், 1946இல், அங்கே யோசியோ தாமியா என்பார் ஒரு மர அறுவைத் தொழிலைத் தொடங்கினார். கட்டட மரத்தோடு, மரத்தாலான கப்பல், வானூர்திச் சிற்றுருக்களையும் அத் தொழிலகம் செய்தது. 1953இல் கட்டட மரத்தை அறவே விட்டுச் சிற்றுருவையே முழுத்தொழிலாகக் கொண்டது. மரத்தின் இடத்தை ஞெகிழி பிடித்தபோது, 1960இல் 'யமாத்தோ' என்னும் சப்பானியப் போர்க்கப்பலைச் சிற்றுருவாக்கி வெளியிட்டது. போட்டியாளர் விலைக்கு ஈடுகொடுக்க இயலாமல் அம் முயற்சியில் இழப்பே நேர்ந்தது. ஆயினும் அத் தொழிலகத்தார் கைவிடவில்லை. அடுத்து, 'பாந்தர்' என்னும் செருமானிய இரும்புறைப் போரூர்தியைச் செய்தனர். உள்ளே ஒரு மின்னோடியும் இரண்டு மின்கலங்களும் அடங்கவேண்டும் என்பதற்காகவே அதன் அளவை அமைத்தனர்; பின்னர்க் கணக்கிட்டபோது அஃது 35இல் 1 ஆக இருந்தது. இன்று உலகெங்கும் போரூர்திச் சிற்றுருக்களுக்கு அவ் வளவே பெருவழக்கு. இரண்டு மின்கலங்களுக்கு இடம் ஒதுக்கிய ஒரு தொழிலகத்தின் கணக்கை உலகமே ஏற்றுக்கொண்டது என்றால், அஃது எளிய செய்தியன்று.

யோசியோவின் மகனார் சுன்சாக்கு தாமியா, அயல்நாட்டுக் காட்சியகங்களுக்கு நேரிற் சென்று ஊர்திகளை அளந்தும் படம்பிடித்தும் வந்தார். 'போர்சே' உந்தின் சிற்றுருவைச் செய்வதற்காக உண்மை உந்து ஒன்றையே விலைக்கு வாங்கி, உறுப்பு உறுப்பாகக் கழற்றிப் பார்க்கச் செய்தார். அச் சிற்றுரு 12இல் 1 அளவில் 1976இல் வெளிவந்தது. தாமியா மட்டுமன்று, அவோசிமா, புசிமி ஆகிய நிறுவனங்களும் அந் நகரினவே. எரிந்த நகர் ஒன்று, தன் தச்சர்களின் கைத்திறத்தை முதலாக வைத்து, அயல்நாட்டு ஊர்திகளையும் அளந்தறிந்து, உலகச் சந்தையைத் தன் வாயிலுக்கு வரவழைத்தது.

இங்கு ஓர் உண்மையை மறைத்தலாகாது. சப்பானியர் இஞ் ஞெகிழிச் சிற்றுருவை ஆங்கிலம் கலந்த பெயராலேயே வழங்குகின்றனர். மொழித்தூய்மை நோக்கில் அது குறையே. ஆனால், செய்முறைக் குறிப்பைச் சப்பானியச் சிறுவன் தன் தாய்மொழியிற் படித்தான். தன் தாய்மொழியில் எண்ணினான். தன் தாய்மொழியில் தோழனுக்கு விளக்கினான். தமிழ்நாட்டிலோ நிலைமை தலைகீழானது. சப்பானியன் பெயரைக் கடனாக வாங்கினான். தொழிலைத் தனதாக்கிக் கொண்டான். தமிழன் பெயரைத் தனதாக்கிக் கொண்டான். தொழிலைக் கடனாகவும் வாங்கவில்லை!

இக் கூற்றுக் கசப்பானதே. ஆனால் தனித்தமிழ் அன்பர்கள் நெஞ்சில் கைவைத்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். 'வானூர்தி' என்னும் சொல்லுக்குப் புறநானூற்றிலேயே வேர் உண்டு என்பதில் ஐயமில்லை. அதனை ஓட்டுபவனுக்கு 'வலவன்' என்னும் சங்கச் சொல்லும் உண்டு. ஆனால் அவ் வூர்தியின் உடற்கூடு, முன்சுழலி, வால்திருப்பி, ஊன்றுருளை என்னும் உறுப்புப் பெயர்கள் எந்தச் சிறுவனின் வாயில் நாள்தோறும் புழங்குகின்றன? கலைச்சொல் அகரமுதலிகள் அச்சேறுகின்றன, அடுக்குப் பேழையில் அமர்கின்றன, அங்கேயே உறங்குகின்றன. சொல் ஏட்டிலே பிறக்கலாம், கையிலேதான் வளரும். பசையும் கத்தியுமாக அமர்ந்திருக்கும் சிறுவன், "அந்த வால்திருப்பியை எடு" என்று தம்பியிடம் சொல்லும் நாளன்றோ அச் சொல் உயிர்பெறும் நாள்?

தமிழால் இஃது இயலுமா என்று ஐயுறுவோர் ஒரு நிகழ்ச்சியை அறிதல் நன்று. 1950களில் குரோம்பேட்டைத் தொழில்நுட்பக் கல்லூரியில் வானூர்திப் பொறியியல் பயின்ற மாணவர் ஒருவர், நாட்டின் வானூர்தியை நாட்டினரே செய்தல் வேண்டும் எனத் தமிழிலேயே கட்டுரை எழுதி, அக் கல்லூரித் தமிழ்ச் சங்கப் போட்டியில் முதற்பரிசு பெற்றார். அவரே பின்னாளில் ஏவுகணை அறிஞராகவும் குடியரசுத் தலைவராகவும் விளங்கிய அப்துல் கலாம். தமிழில் எண்ணியமையால் அவர்தம் அறிவியல் குன்றவில்லை.

இக் கலைக்கு எதிராகச் சிலர் மூன்று தடைகளை எழுப்பக்கூடும்.

இது போர் வெறியை ஊட்டும் விளையாட்டு என்பது முதல் தடை. இக் கலைக்கும் போருக்கும் தொடர்புண்டு என்பது மெய்யே. 1942இல் அமெரிக்கக் கடற்படை, பகைவர் வானூர்திகளை அடையாளங்காணப் பயிற்றுதற்பொருட்டு, 5,00,000 சிற்றுருக்களைச் செய்து தருமாறு பள்ளி மாணவரையே வேண்டியது. ஆனால், கத்தி குத்தவும் உதவும் என்பதற்காகக் காய் நறுக்காமல் இருப்பார் உண்டோ? எதைச் செய்வது என்பது செய்வோன் உரிமை. போரூர்தியை வேண்டாதோன் மாட்டுவண்டியைச் செய்யலாம், திருவாரூர்த் தேரைச் செய்யலாம், கட்டுமரத்தைச் செய்யலாம்.

இது செல்வர் பொழுதுபோக்கு என்பது இரண்டாம் தடை. அயல்நாட்டுப் பெட்டிகளின் விலை மிகுதி என்பதை மறுப்பாரில்லை. ஆனால் பெட்டி வாங்கித்தான் தொடங்கவேண்டும் என்னும் கட்டாயம் யாதுமில்லை. தஞ்சையில் நெட்டிவேலை செய்வோர், நீர்நிலையில் விளையும் நெட்டித்தண்டைச் செதுக்கியே பெரிய கோயிலின் சிற்றுருவை அமைக்கின்றனர். நெட்டி, மூங்கில், அட்டை, பசை, ஒரு கூரிய கத்தி, ஓர் அளவுகோல் ஆகியவை போதும். அளவறிந்து செய்யும் உள்ளம் இருந்தால்.

படிப்பைக் கெடுக்கும் வீண்வேலை என்பது மூன்றாம் தடை. இதுவே மூன்றனுள்ளும் கொடியது. ஏனெனில், இதன் அடியில் மறைந்திருப்பது படிப்பின்மேற் கொண்ட அன்பன்று. கைத்தொழிலின்மேற் கொண்ட இழிவெண்ணம். எழுதுகோல் பிடிக்கும் கை உயர்ந்தது, உளி பிடிக்கும் கை தாழ்ந்தது என்னும் பிறப்புவழிப் பிரிவினை நஞ்சே அது. தச்சனின் தேரைப் பாட்டில் ஏற்றிப் போற்றிய இனம், தச்சனைத் தெருக்கோடியில் நிறுத்தியது எப்போது? சங்கப் பாட்டைப் போற்றிக்கொண்டே உளியைத் தொட நாணும் புலமை அரைப்புலமையே ஆகும்.

இத் தவற்றால் மொழிக்கு நேர்ந்த இழப்பும் பெரிது. அச்சு, குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி, நுகத்தடி என வண்டித் தச்சனிடம் ஒரு முழுச் சொற்களஞ்சியம் உண்டு. அணியம், கடையால், ஏரா எனப் படகு கட்டுவோனிடம் மற்றொரு களஞ்சியம் உண்டு. அவர்கள் எந்தக் கல்லூரியிலும் தனித்தமிழ் பயின்றவரல்லர். ஆயினும் இச் சொற்களைக் கலப்பின்றிக் காத்துத் தந்தவர் அவர்களே. மாட்டுவண்டி தெருவினின்று மறைந்துகொண்டிருக்கின்றது. அதனோடு அச் சொற்களும் மறைகின்றன. ஒரு மாணவன் 12இல் 1 அளவில் ஒரு மாட்டுவண்டியைச் செய்ய முனைந்தால், அவன் முதலிற் செல்ல வேண்டிய இடம் நூலகமன்று; முதிய தச்சரின் பட்டறை. அளவை அவர் சொல்வார். சொல்லையும் அவரே சொல்வார். புதுச்சொல் படைப்பதற்கு முன், இருக்கும் சொல்லைத் தேடிச் சென்று பெறுதலன்றோ அறிவுடைமை?

ஆகவே, தமிழ் மன்றங்கள் செய்யத்தக்க வேலை ஒன்று காத்திருக்கின்றது. பள்ளிதோறும் பத்து மாணவரைச் சேர்த்து ஒரு சிற்றுருக் குழு அமைத்தல் வேண்டும். உறுப்புப் பெயரும் செய்முறையும் தூய தமிழில் எழுதிய ஒற்றைத் தாளை அவர்கள் கையில் கொடுத்தல் வேண்டும். முதலாண்டில் மாட்டுவண்டி, அடுத்த ஆண்டில் படகு, அதற்கடுத்து வானூர்தி எனப் படிப்படியாக உயர்த்தல் வேண்டும். பொங்கல் விழாவில் பேச்சுப் போட்டிக்கு வைக்கும் பரிசுக்கு ஒப்பான பரிசை இதற்கும் வைத்தல் வேண்டும். தச்சரை மேடைக்கு அழைத்து, அவர் கையால் அப் பரிசை வழங்கச் செய்தல் வேண்டும்.

தும்பிசேர் கீரனாரின் பாட்டு ஏட்டில் அழியாமல் நிற்கின்றது. அப் பாட்டிலுள்ள தேரை மீண்டும் ஒரு தமிழ்ச் சிறுவன் செய்து, நூல் கட்டி, தன் தெருவில் இழுத்துச் செல்லும் நாளில், அப் பாட்டின் பொருளை அவனுக்கு வேறெவரும் விளக்கவேண்டிய தேவை இராது.