பார்வையைத் தாழ்த்த வேண்டியவர் யார்?

கைக்குழந்தையோடு வெளியே வரும் தாயைக் கண்டால் நம்மில் சிலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பால்குடிப் பிள்ளையை வைத்துக்கொண்டு இவளுக்கு வெளியே என்ன வேலை?" தடுப்பூசி போட வந்தாளா, உம்மாவின் மையித்தைப் பார்க்க ஓடி வந்தாளா என்று விசாரிப்பவர் எவருமில்லை. பிள்ளை அழுதாலும் அவள்மீது குறை. அழுகையை அமர்த்தப் பால் கொடுத்தாலும் அவள்மீதே குறை. இதற்குப் 'பேணுதல்' என்று பெயர் வேறு. இது பேணுதல் அன்று; நம் கடமையை அவள் தலையில் கட்டுவது.

தாய்ப்பால் குழந்தையின் உரிமை. பாலூட்டலை முழுமையாக்க விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என்று அல்குர்ஆன் (2:233) காலம் வகுக்கிறது. அந்தத் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குவதும் அதே வசனம்தான். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பச்சிளங்குழந்தை நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கேட்கும். அதற்காக இரண்டாண்டுகள் தாயை வீட்டுக்குள் பூட்டி வையுங்கள் என்று மார்க்கம் எங்கே சொன்னது? நபி (ஸல்) அவர்களின் பள்ளிக்குத் தாய்மார்கள் குழந்தைகளோடு வந்தார்கள். குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் தவிக்குமே என்று அண்ணலார் தொழுகையையே சுருக்கினார்கள். ஸஹீஹுல் புகாரியில் இது பதிவாகியுள்ளது.

"அப்படியானால் வெட்கம்?" என்பர். மறைக்க வேண்டியதை மறைக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. துப்பட்டிக்குள் பிள்ளையை அணைத்துப் பாலூட்ட நம் பெண்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதும் இல்லை. ஆனால் அந்நூர் அத்தியாயத்தின் வரிசையைக் கவனியுங்கள். பார்வையைத் தாழ்த்தும் கட்டளை முதலில் ஆண்களுக்கு (24:30). அடுத்த வசனமே பெண்களுக்கு. முதல் கட்டளையை மறந்துவிட்டு இரண்டாவதை மட்டும் உரக்க ஓதுவது எந்த நியாயம்?

இளந்தாயின் அச்சம் பொய்யன்று. எந்தக் கையில் எந்தக் கைப்பேசி படம் எடுக்கிறதோ என்று அவள் நடுங்குகிறாள். மனம் பதறினால் பால் இறங்குவதும் தாமதமாகும். பெண் தனிமையை எதிர்பார்க்கும் இடத்தில் அவளை மறைந்திருந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி குற்றம்; முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. குற்றவாளி அவன். பசித்த குழந்தையும் அதன் தாயும் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

மூஸா (அலை) அவர்களின் தாயை நினைத்துப் பாருங்கள். ஆண் மக்களைக் கொன்றுகொண்டிருந்த ஃபிர்அவ்னின் ஆட்சியில் அல்லாஹ் அவருக்கு முதலில் அறிவித்தது பாலூட்டு என்பதைத்தான்; அஞ்சும்போது ஆற்றில் விடு என்பது அதற்குப் பின்னரே (28:7). பின்பு அவர் கண் குளிர, பாலூட்டுவதற்காகவே பிள்ளை அவரிடம் திரும்பியது. அத்தகைய அச்சத்திலும் பிள்ளையின் பால் நிறுத்தப்படவில்லை.

தமிழக அரசு 2015இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. நம் ஜமாஅத்துகள் என்ன செய்தன? ஷாதி மஹாலில் மேடை அலங்காரத்துக்கும் பிரியாணிக்கும் இலட்சங்கள் செலவாகின்றன. உள்ளே தாழிடக்கூடிய ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, இவற்றுக்கு வழியில்லையா? பயணிகள் இறங்கித் தொழும் சாலையோரப் பள்ளிவாசல்களில் பெண்களுக்கு ஒரு மறைவிடம் ஒதுக்கக் கூடாதா? அவ்விடத்தில் மறைகருவி எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பெண்களிடமே ஒப்படைக்கலாமே!

அறை இல்லாத இடத்தில் கணவர் அருகே நின்று மறைப்பாகட்டும். மாமியார் பையை வாங்கிக்கொள்ளட்டும். மற்ற ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். இதற்குப் பணம் தேவையில்லை, இறையச்சம் போதும். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இந்த அறையைப் பற்றிப் பேசுங்கள். அதுவரை, "இவளுக்கு வெளியே என்ன வேலை?" என்று கேட்கும் நாவையாவது அடக்கிக்கொள்வோம்.