ஊர்க்கண்ணும் ஒளித்திரையும்

அவையில் நின்று பேசப் புகுவோன் அவ்வவையின் தன்மையறிந்து பேசுதல் வேண்டும் என்பது தமிழ்நூல்கள் வற்புறுத்தும் அறம். திருவள்ளுவர் இதன்பொருட்டு அவையறிதல், அவையஞ்சாமை என ஈரதிகாரங்கள் வகுத்தனர். அவர் கருதியது நாவுடைய மாந்தரை. இஞ்ஞான்றோ நாவில்லாப் பொருளொன்று ஊர் நடுவண் உயர்ந்து நின்று, வருவோர் போவோர் அனைவரையும் விளித்து, ஓய்வின்றிப் பேசுகின்றது. எல்.இ.டி. எனப்படும் பேரொளித்திரையே அது. அதற்கும் அவையறம் உண்டோ, உண்டெனின் அஃது யாது என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருளாகும்.

முதற்கண் அத்திரையின் இயல்பைச் சிறிது நோக்குவாம். மின்னோட்டம் பாயுங்கால் ஒளிவிடும் குறைகடத்தித் துணுக்கே எல்.இ.டி. ஆகும். கண்ணுக்குப் புலனாகும் செவ்வொளி தருவதனை 1962 இல் அமெரிக்க அறிஞர் நிக் ஹாலோனியாக் ஆக்கினார். ஒளிமிக்க நீலவொளி தருவதோ அதற்கு முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே கைகூடிற்று. அதனை ஆக்கிய அகசாகி, அமானோ, நகமுரா என்னும் மூவரும் 2014 இல் பௌதிகத்திற்குரிய நோபல் பரிசு பெற்றனர். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூவொளியும் கூடியவழி எவ்வண்ணத்தையும் தோற்றுவிக்கலாம். புள்ளிக்கும் புள்ளிக்கும் 10 மில்லிமீட்டர் இடைவெளியமைந்த திரையில் ஒரு சதுர மீட்டருள் 10,000 புள்ளிகள் உள. ஒவ்வொரு புள்ளியும் கணத்துக்குக் கணம் நிறம் மாற, படம் உயிர்பெற்று அசைகின்றது. சுவரொட்டி பிறவொளியை வேண்டி நிற்பது. பொழுது சாய்ந்தால் அதனை இருள் மறைத்துவிடும். இத்திரையோ தானே ஒளிர்வது. இருளிலேதான் மிகுந்து தோன்றுவது. சுவரொட்டிக்கு வகுத்த நெறி இதற்குப் போதாமை இதனாலேயே விளங்கும்.

நிற்க. மாநகரங்களிற் பெருகிய இத்திரைகள் சிறுநகரங்களையும் நாடி வருகின்றன. எங்கள் கோவில்பட்டி போன்ற ஊர்களின் பேருந்து நிலையத்திலும் கடைவீதிச் சந்தியிலும் இவற்றை நிறுவினால் ஊர் பொலிவுறும், வாணிகம் வளரும், நகராட்சிக்கு வருவாய் பெருகும் என்று கூறுவோர் உளர். அவர் கூற்றை வெறுத்தொதுக்குதல் என் கருத்தன்று. கரிசற்காட்டு மக்கள் படத்தை வெறுப்பவர் அல்லர். இந்தியாவெங்கும் வீட்டுச் சுவர்களை அணிசெய்த நாட்காட்டித் தெய்வப் படங்களிற் பல கோவில்பட்டியிலே பிறந்தன. நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதும் ஓவியராக இவ்வூர்க்கு வந்து, இங்கேயே தங்கி, மாணவர் பலரை ஆக்கி, 1976 இல் மறைந்த கொண்டையா ராஜுவின் பெயரைக் கலையுலகம் நன்கறியும். அவர் எழுதிய படங்கள் சிவகாசி அச்சகங்களின் வாயிலாக நாடெங்கும் பரந்தன.

ஆயினும் ஈண்டு ஒரு வேறுபாட்டை உன்னுதல் வேண்டும். கொண்டையா ராஜு எழுதிய நாடகத் திரையைக் காண விழைந்தோர் நாடகக் கொட்டகைக்குச் சென்றனர். அவர்தம் நாட்காட்டிப் படத்தை விரும்பினோர் அதனைத் தம் இல்லத்துச் சுவரில் தாமே மாட்டினர், விரும்பாதோர் மாட்டிலர். இவ்விரண்டிடத்தும் காண்போன் விருப்பமே தலைமை பெற்றது. விளையாட்டுப் போட்டியொன்றைக் காணத் திடலிற் பெருந்திரை கட்டினும் அவ்வாறே. வந்தோர் விரும்பி வந்தோர். பேருந்து நிலையத்துத் திரையோ அத்தகையதன்று. ஆண்டு நிற்பவன் அதனைக் காண வந்தவன் அல்லன். ஊர்க்குப் போக வந்தவன். அவன் அவ்விடத்தை விட்டு அகலவும் இயலாது. கண்ணை மூடி நிற்கவும் இயலாது. காதுக்கு வேண்டாத ஒலியை ஒலிபெருக்கி புகட்டுமாயின் அதனைத் தொல்லை என்கிறோம். கண்ணுக்கு வேண்டாத ஒளியை மட்டும் வளர்ச்சி என்று கூறுதல் யாங்ஙனம் பொருந்தும்?

யான் நேரிற் கண்டதொன்றைக் கூறுவேன். சென்ற ஆண்டு மார்கழித் திங்களில் ஓரிரவு, கண்மருத்துவம் முடித்த என் பாட்டியாரை அழைத்துக்கொண்டு பெருநகரமொன்றின் பேருந்து நிலையத்தில் நின்றேன். எதிரே வீட்டளவினதாகிய ஒளித்திரையொன்று பொன்னகையும் பட்டும் மனைநிலமும் மாறிமாறிக் காட்டி மின்னியது. அதன் ஒளி முகத்தில் அறைய, எங்கள் பேருந்து நிற்கும் இடத்தைக் குறித்த தகரப்பலகை அதன் அடியில் மங்கிக் கிடந்தது. பாட்டியார் கையை நெற்றியில் வைத்துச் சிறிதுநேரம் அத்திரையை உற்று நோக்கி, "ஐயா, இம்புட்டு வெளிச்சம் போட்டிருக்காவளே, நம்ம ஊருக்கு வண்டி எப்பன்னு அதுல போட்டிருக்கா?" என்று வினவினார். இல்லை என்றேன். "பொறவு யாருக்குப் போட்டிருக்கு?" என்றார். அவ்வினாவுக்கு யான் அன்று விடை கூறிலேன். நாங்கள் நடத்துநரிடம் வினவி வருமுன் இறுதிப் பேருந்து சென்றுவிட்டது. விடியுந்துணையும் அந்நகைகளையும் பட்டுகளையும் பார்த்துக்கொண்டே சிமிண்டுப் பலகையில் அமர்ந்திருந்தோம்.

பாட்டியார் வினவிய வினாவே இப்பொருளின் உயிர்நிலை என்பது என் துணிபு. பொதுவிடத்தில் நிற்கும் மக்களின் பார்வை ஒருவர்க்குரிய உடைமை அன்று. ஊர்ப்பொது மேய்ச்சல் நிலம் போல்வது. அதிற் பயிரிட விரும்புவோன் முதற்கண் ஊரின் தேவையை நிறைவு செய்தல் வேண்டும். மக்கட்கு வேண்டுவது யாதும் கூறாத திரை, பொதுவிடத்தில் நிற்றற்கு உரிமையுடையதன்று.

கரிசல் நிலத்து மக்கட்கு வேண்டுவது யாதென ஒருவர் வினவலாம். எங்கள் வாழ்வு வானத்தை நோக்கிய வாழ்வு. ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை. அதிற் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் வரும் வாடைக்காற்று மழை. உளுந்தும் பாசியும் சோளமும் பருத்தியும் அம்மழையையே நம்பி விதைக்கப்படுகின்றன. புரட்டாசியில் புழுதியிலே விதையைப் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருக்கும் உழவனுக்கு, மழை பத்துநாள் முந்துமோ பிந்துமோ என்னும் செய்தி ஒரு குடும்பத்தின் ஆண்டு வாழ்வாகும். கோவில்பட்டியில் 1901 இல் தோன்றிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் மானாவாரி உழவுக்கு உரிய அறிவை வளர்த்து வருகின்றது. அந்நிலையத்தின் அறிவுரையும், வானிலைத் துறையின் முன்னறிவிப்பும், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து விலையும் சந்தைக்கு வந்த உழவன் நிமிர்ந்து நோக்குமிடத்தில் பெரிய தமிழெழுத்தில் தோன்றுமாயின், அத்திரையை வாழ்த்தாதார் யார்? கைப்பேசியில் இவையெல்லாம் உளவே என்பர். உள, எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கவும் வேண்டியதைத் தேடியெடுக்கவும் அறிந்தார்க்கு உள.

2023 ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆம் நாட்களை எங்கள் மாவட்டத்தார் மறவார். காயல்பட்டினத்தில் ஒருநாட் பொழுதில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. தாமிரவருணி கரைகடந்தது, குளங்கள் உடைந்தன, திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட தொடர்வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, பயணிகள் பலநூற்றுவர் வெள்ளத்திடையே சிறைப்பட்டனர். மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் பலவிடங்களில் அற்றன. எவ்வழி திறந்துளது, எங்கே உணவு கிடைக்கும் என்று அறிய மாட்டாமல் மக்கள் தவித்த அந்நாட்களில், தனக்கெனச் சேமமின்கலம் உடைய பொதுத்திரையொன்று ஊர்தோறும் இருந்திருப்பின் எத்துணைப் பயன் விளைந்திருக்கும்! முற்காலத்தில் ஊராட்சி வானொலிப்பெட்டி மாலைதோறும் ஒலிபெருக்கியின் வாயிலாகச் செய்தியும் உழவர் நிகழ்ச்சியும் ஊரார்க்கு ஒருங்கே உரைத்ததனை முதியோர் இன்றும் அன்போடு நினைவு கூர்வர். இத்திரை அப்பெட்டியின் வழித்தோன்றலாக வேண்டுமேயன்றி, நகைக்கடைச் சாளரத்தின் வழித்தோன்றலாதல் கூடாது.

விளம்பரமின்றேல் திரைக்குரிய செலவை யார் ஏற்பார் என்பது எதிர்ப்போர் கூறும் வலிய தடை. அத்தடையை யான் புறக்கணியேன். நகராட்சியின் வருவாய் குன்றியது. திரையின் விலையும் மின்கட்டணமும் சிறியன அல்ல. ஆதலின் விளம்பரத்தை அறவே விலக்குக என்று கூறேன். ஆனால் விளம்பரத்தால் உள்ளூர் வாணிகம் வளரும் என்னும் கூற்றை மட்டும் எளிதில் ஒப்புதற்கில்லை. 2020 இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் கடலைமிட்டாயை வீட்டோடு சேர்ந்த சிறு கூடத்தில் காய்ச்சி விற்கும் சிறுவணிகர், கணக்கிட்டு விற்கப்படும் அத்திரையின் நொடிகளை வாங்க வல்லரோ? வெளியூர்ப் பெருவணிகரே வல்லர். ஊரார் பார்வையை வெளியூரார் வாங்க, ஊர்வணிகர் நிழலில் ஒதுங்குவர். ஆகவே விளம்பர நேரத்தில் ஒரு பங்கு குறைந்த கட்டணத்தில் உள்ளூர்ச் சிறுதொழிலார்க்கு ஒதுக்கப்படுதல் முறையாம்.

இனி, தீங்குகளையும் எண்ணல் வேண்டும். 2019 செப்டம்பர் 12 ஆம் நாள் சென்னைப் பள்ளிக்கரணையில் சாலைநடுவே கட்டிய பதாகையொன்று சரிந்து வீழ, இருசக்கர வண்டியிற் சென்ற இளம்பெண்ணொருத்தி லாரியின் அடியிற் பட்டு உயிர் துறந்தாள். 2023 ஜூன் 1 ஆம் நாள் கோவையை அடுத்த கருமத்தம்பட்டியில் விளம்பரப் பலகைக்குரிய இரும்புச் சட்டம் சாய்ந்து தொழிலாளர் மூவர் மாண்டனர். 2024 மே 13 ஆம் நாள் மும்பைக் காட்கோபரில், இசைந்த அளவை மிகக் கடந்து எழுப்பிய பலகையொன்று புயற்காற்றில் வீழ்ந்து பதினெழுவர் உயிரைக் கவர்ந்தது. துணியும் தகரமும் தாங்கிய சட்டங்களே இத்துணைக் கேடு செய்யுமாயின், பளுமிக்க ஒளித்திரைகளைத் தாங்குவன பன்மடங்கு சோதனைக்குரியன அல்லவோ? மற்றும், பகலில் வெயிலை வெல்லும் அவ்வொளி இரவில் தணிக்கப்படாதொழியின் ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யும். சந்தியின் அருகே அசையும் படமொன்றை நோக்கி ஒரு நொடி முகந்திருப்பிய ஓட்டுநன், அந்நொடியிற் சாலையைக் குறுக்கிடும் குழந்தையைக் காணான்.

வெளிநாட்டார் இதன்கண் இருவகை வழி சென்றனர். பிரேசில் நாட்டுச் சாவோ பாவுலோ நகரம் 2006 இல் சட்டமியற்றி, அடுத்த ஆண்டு முதல் வெளிப்புற விளம்பரப் பலகைகளை அறவே அகற்றிற்று. லண்டன் பிக்காடில்லிச் சதுக்கமோ 1908 முதல் மின்விளம்பரத்தையே தன் அணியாகக் கொண்டது. 2017 முதல் ஒரே பெருந்திரை ஆண்டு ஒளிர்கின்றது. ஆனால் பிக்காடில்லி மக்கள் விளக்கணியைக் காணவே விரும்பிச் செல்லும் இடம். எங்கள் பேருந்து நிலையம் போகவேண்டியிருத்தலாற் போகும் இடம். ஆதலின் அவ்விரண்டனுள் ஒன்றை அப்படியே பின்பற்றல் நமக்குப் பொருந்தாது.

நமக்குப் பொருந்துவன இவை எனத் தோன்றுகின்றன. ஒவ்வொரு மணியிலும் பாதிப்பொழுதேனும் பேருந்து நேரம், வானிலை, விலைநிலவரம், மருத்துவ முகாம், குடிநீர் வரும் நாள் முதலிய பொதுச்செய்திகள் தோன்றுக. அவை முதியோரும் படிக்கத்தக்க தமிழெழுத்தில், விரைந்தோடாமல் நின்று காட்டுக. நெடுஞ்சாலையோரத்தும் சந்தியின் முகத்தும் அசையும் படம் வேண்டா. பொழுது சாய்ந்ததும் ஒளி தணிக. இரவு பத்து மணிக்குமேல் பொதுச்செய்தியன்றிப் பிற அவிக. தாங்கும் சட்டத்தை ஆண்டுதோறும் பொறியாளர் சோதித்த சான்று அச்சட்டத்தின் அடியிலேயே ஒட்டப்படுக. வருவாய் இவ்வளவு, அஃது இதற்குச் செலவாயிற்று என்பதனையும் அத்திரையே மாதந்தோறும் ஊரார்க்குக் காட்டுக.

விளக்கை ஏற்றித் தண்டின்மேல் வைப்பது வீட்டிலுள்ளார் யாவர்க்கும் வெளிச்சந் தருதற்பொருட்டே என்பதை மலைப்பொழிவைக் கற்ற நாம் அறிவோம். தண்டு உயர உயர விளக்கின் கடமையும் உயரும். நாளை எங்கள் ஊரில் அத்தகைய திரையொன்று எழுமாயின், என் பாட்டியாரை அழைத்துச் சென்று அதன் எதிரே நிறுத்துவேன். "யாருக்குப் போட்டிருக்கு?" என்று அவர் மீண்டும் வினவுவார். "உங்களுக்குத்தான் பாட்டி, நம்ம ஊர் வண்டி ஏழரைக்கு" என்று விடை கூறும் பேறு எனக்கு வாய்க்குமாயின், அத்திரை அவையறம் அறிந்ததென்று மகிழ்வேன்.