கொலைகாரனே கதை சொல்கிறான்... இருட்டில் பிறந்த 'ஃபிலிம் நுவார்'!

லாஸ் ஏஞ்சலஸ் நகரம். ஊரே தூங்கும் நேரம். சிக்னலைக்கூட மதிக்காமல் சீறி வரும் ஒரு கார், இன்ஷூரன்ஸ் கம்பெனி வாசலில் நிற்கிறது. தள்ளாடியபடி இறங்குபவன் பெயர் வால்டர் நெஃப். பாலிசி பிடித்துக் கொடுக்கும் சேல்ஸ்மேன். தோளில் குண்டுக்காயம். நேராகத் தன் ஆபீஸுக்குப் போய், குரலைப் பதிவு செய்யும் டிக்டாஃபோனை எடுக்கிறான். கிளெய்ம் பிரிவு மேலாளர் பார்ட்டன் கீஸுக்கு வாக்குமூலம் கொடுக்க ஆரம்பிக்கிறான். கொலை செய்தது தான்தான். பணத்துக்காகவும் ஒரு பெண்ணுக்காகவும் செய்ததாகவும், கடைசியில் இரண்டுமே கைக்கு வரவில்லை என்றும் சொல்லிவிடுகிறான்.

படம் தொடங்கிச் சில நிமிடங்கள்தான் ஆகின்றன. கொலைகாரன் யார், ஏன் செய்தான், என்ன கிடைத்தது... எல்லாம் தெரிந்துவிட்டது. இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் படம் பாக்கி இருக்கிறது. அப்புறம் எதைப் பார்ப்பது?

பில்லி வைல்டர் இயக்கி 1944-ல் வெளியான 'டபுள் இன்டெம்னிட்டி' படத்தின் தொடக்கம் இது. 'ஃபிலிம் நுவார்' என்றால் என்ன என்று கேட்பவர்களிடம் தயங்காமல் கைகாட்டக்கூடிய படம். மழை, தொப்பி, புகை, கறுப்பு வெள்ளை என்று அடையாளம் சொல்வார்கள். அதெல்லாம் அலங்காரம்தான். தப்பு செய்தவன் பக்கத்தில் நம்மை உட்கார வைத்து, அவன் மாட்டிக்கொள்வானோ என்று நம்மையே பதற வைப்பதுதான் நுவாரின் உண்மையான வேலை.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் படத்தை எடுத்தவர்களுக்கு அது நுவார் என்றே தெரியாது. ஹாலிவுட்டில் அப்போது அப்படி ஒரு வகையே கிடையாது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் பிடியில் இருந்த பிரான்ஸுக்கு அமெரிக்கப் படங்கள் வரவில்லை. போர் முடிந்து 1946-ல் அவை மொத்தமாக பாரிஸ் தியேட்டர்களுக்கு வந்தபோது, அங்கிருந்த விமர்சகர்கள் திகைத்துப்போனார்கள். ஹாலிவுட் ஏன் இவ்வளவு இருண்டுபோனது? நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் இந்தப் படங்களுக்கு 'ஃபிலிம் நுவார்' என்று பெயர் சூட்டினார். பிரெஞ்சில் 'கறுப்புப் படம்' என்று அர்த்தம். ஆக, குழந்தை பிறந்து ஓடியாடத் தொடங்கிய பிறகுதான் பெயர் வைக்கப்பட்டது!

கதைக்கு வருவோம். கார் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கச் சொல்வதற்காக ஒரு பணக்கார வீட்டுக்குப் போகிறான் நெஃப். வீட்டுக்காரர் இல்லை. மனைவி ஃபிலிஸ் (பார்பரா ஸ்டான்விக்) மாடிப்படி இறங்கி வருகிறாள். நெஃப்பின் கண் அவள் கணுக்காலில் மின்னும் கொலுசு போன்ற சங்கிலியில் நிற்கிறது. கணவனுக்கே தெரியாமல் அவன் பெயரில் விபத்து பாலிசி எடுக்க முடியுமா என்று அவள் கேட்க, எதற்கு என்பது நெஃப்புக்குப் புரிந்துவிடுகிறது. கோபித்துக்கொண்டு வெளியேறுகிறான். ஆனால், பிறகு அவனே திட்டம் போட்டுக் கொடுக்கிறான். ரயிலில் விபத்து நடந்தால் இரட்டிப்புப் பணம் என்று பாலிசியில் ஒரு பிரிவு உண்டு. 50,000 டாலர், 1,00,000 டாலர் ஆகும். படத்தின் தலைப்பே அந்தப் பிரிவின் பெயர்தான்.

இதில் ரௌடிகள் இல்லை, கடத்தல் கும்பல் இல்லை. சதித்திட்டம் எங்கே பேசப்படுகிறது தெரியுமா? சூப்பர் மார்க்கெட்டில்! அடுக்கி வைத்த டப்பாக்களுக்கு நடுவே, முன்பின் தெரியாதவர்கள்போல் நின்றபடி இருவரும் கொலையைப் பற்றிப் பேசுகிறார்கள். நடுவில் யாரோ ஒரு பெண் மேல் தட்டில் இருக்கும் பொருளை எடுத்துத் தரச் சொல்கிறாள். நெஃப்பும் எடுத்துக் கொடுக்கிறான். பேய்ப் படத்தில்கூட இப்படி வயிற்றைக் கலக்கும் காட்சி அபூர்வம்.

அந்தப் பெரிய வீட்டின் ஹாலும் அப்படித்தான். வெளியே கலிஃபோர்னியாவின் பளீர் வெயில். உள்ளே பட்டை பட்டையான ஜன்னல் மறைப்பு வழியாக வெளிச்சம் கீற்றுகளாக விழுகிறது. நெஃப்பின் கோட் மீது அது விழும்போது, இப்போதே ஜெயில் கம்பிக்குப் பின்னால் நிற்கிறானோ என்று தோன்றும். வெளிச்சக் கீற்றில் தூசு மிதப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் காற்றில் அலுமினியத் தூளை ஊதவிட்டார்.

வழக்கமாக ஒரு நடிகரின் முகத்துக்கு ஒரு பக்கம் முக்கிய விளக்கு வைப்பார்கள். அது உண்டாக்கும் நிழலை அழிக்க எதிர்ப்பக்கம் இன்னொரு விளக்கு இருக்கும். நுவார் ஒளிப்பதிவாளர்கள் அந்த இரண்டாவது விளக்கைக் குறைத்தார்கள், சில நேரம் அணைத்தே விட்டார்கள். பாதி முகம் இருளில் போனது. இந்தக் கலை ஜெர்மனியின் மௌனப்பட ஸ்டூடியோக்களில் வளர்ந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் அங்கிருந்து வெளியேறிய ஃபிரிட்ஸ் லாங், ராபர்ட் சியோட்மாக் போன்றவர்கள் அதை ஹாலிவுட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பெர்லினில் கதை எழுதிக்கொண்டிருந்த வைல்டரும் 1933-ல் உயிர் பிழைக்க ஓடிவந்த யூதர்தான். அக்கம்பக்கத்து மனிதர்கள் ஒரே வருடத்தில் எப்படி மாறிவிடுவார்கள் என்று கண்ணால் பார்த்தவர்கள் எடுத்த படங்கள் இருட்டாக இல்லாமல் வேறெப்படி இருக்கும்? பட்ஜெட் காரணமும் உண்டு. 1945-ல் வந்த 'டீட்டூர்' படத்தில் நியூயார்க் வீதிக்கு செட் போடக் காசில்லாமல் பனிமூட்டத்தால் சமாளித்திருப்பார்கள். பார்ப்பவர்களுக்கு அதுவே ஸ்டைல் ஆகிவிட்டது.

அடுத்த காரணம் சென்சார். அந்தக் கால ஹாலிவுட்டில் கொலையை விலாவாரியாகக் காட்டக் கூடாது, குற்றவாளி தப்பவும் கூடாது. வைல்டர் என்ன செய்தார்? கொலை நடக்கும்போது கேமரா கணவன் பக்கமே திரும்புவதில்லை. கார் ஓட்டும் ஃபிலிஸின் முகத்தை மட்டுமே பார்க்கிறது. பக்கத்து சீட்டில் உயிர் போய்க்கொண்டிருக்க, அந்த முகத்தில் லேசான ஒரு திருப்தி. அதுவே போதுமானதாக இருக்கிறது. சடலத்தைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டு இருவரும் காரில் ஏறியதும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. 'ஐயோ, கிளம்பித் தொலையேன்' என்று பார்ப்பவர் மனசு அடித்துக்கொள்ளும். நாம் யாருக்காக வேண்டிக்கொள்கிறோம் என்பது அப்புறம்தான் உறைக்கும்.

நல்லவனை மயக்கிக் கெடுக்கும் பெண், நுவாரின் நிரந்தரப் பாத்திரம் என்பார்கள். பாவம், எல்லாப் பழியும் அவள் தலையில் விழுகிறது. ஆனால், நெஃப் தன் வாக்குமூலத்திலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறான். கம்பெனியை ஏமாற்றினால் எப்படி ஏமாற்றலாம் என்று அவன் பல காலமாகவே யோசித்து வந்திருக்கிறான். ஃபிலிஸ் வந்து கதவைத் தட்டினாள், அவ்வளவுதான். 

தமிழில் இந்த நிழல் விழுந்த படம் என்றால் எஸ்.பாலச்சந்தர் இயக்கி 1954-ல் ஏவி.எம். வெளியிட்ட 'அந்த நாள்'. அகிரா குரோசவாவின் 'ரஷோமான்' பாதிப்பில் உருவானது. தொடக்கத்திலேயே சிவாஜி சுட்டுக் கொல்லப்படுகிறார். ஒரு பாட்டுகூடக் கிடையாது. மாருதி ராவின் ஒளிப்பதிவில் வீட்டுச் சுவர்களெல்லாம் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும். இதிலும் குற்றம் இருட்டுச் சந்தில் நடப்பதில்லை, கணவன் மனைவி வாழும் வீட்டுக்குள்தான். யார் செய்தது என்பதைப் பார்க்காதவர்களுக்காக இங்கே சொல்லாமல் விடுவதே நியாயம்.

மறுபடி நெஃப்பிடம். போலீஸ் அவனைச் சந்தேகிக்கவில்லை. சந்தேகம் வருவது கீஸுக்கு. இறந்தவருக்குச் சில நாள் முன்பு கால் உடைந்திருந்தது. விபத்து பாலிசி இருந்தும் அவர் கிளெய்ம் கேட்கவில்லை. ஏன்? பாலிசி இருப்பதே அவருக்குத் தெரியாது! இத்தனை கச்சிதமான திட்டம் ஒரு விண்ணப்பப் படிவத்தில் சரிகிறது. ஆனாலும், கீஸ் எல்லோரையும் சந்தேகிக்கிறார், நெஃப்பைத் தவிர. அவ்வளவு பாசம். தீப்பெட்டி வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு சட்டைப்பையைத் தடவுவார். நெஃப் ஒவ்வொரு முறையும் நகத்தால் தீக்குச்சியை உரசிப் பற்ற வைப்பான்.

நெஃப் விஷவாயு அறையில் மரண தண்டனை பெறும் காட்சிக்கு செட் போட்டு, அதை எடுத்தும் முடித்தார் வைல்டர். பிறகு வேண்டாமென்று தூக்கிப் போட்டுவிட்டார். இப்போது படத்தில் இருக்கும் முடிவு வேறு. வாக்குமூலத்தின் கடைசிப் பகுதியைக் கதவருகே நின்று கீஸ் கேட்டுவிடுகிறார். தப்பிக்கப் பார்க்கும் நெஃப் வாசல்வரைகூடப் போக முடியாமல் சரிகிறான். சிகரெட்டை வாயில் வைத்தவனுக்குத் தீக்குச்சியை உரச விரலில் பலம் இல்லை. கீஸ் குனிந்து, அதை வாங்கி, தன் நகத்தால் உரசிப் பற்ற வைக்கிறார்.