சாதி பார்த்து அறை ஒதுக்குவது நிர்வாகமா, ஊர்க் கட்டுப்பாடா?

எங்கள் பனவடலிசத்திரத்தில் அறிமுகமில்லாதவரிடம் யாரும் நேரடியாகச் சாதியைக் கேட்பதில்லை. "எந்த ஊரு?" என்பார்கள். அடுத்து, "ஊருல எந்தத் தெரு?" தெரு தெரிந்துவிட்டால் போதும், மிச்சம் தானாகத் தெரிந்துவிடும்.

ஊர் இப்படிக் கேட்கும், அரசு கேட்கக்கூடாது. ஆனால் பாளையங்கோட்டை மத்திய சிறையில் அரசு நிர்வாகமே அதைச் செய்தது. தேவர், நாடார், பள்ளர் எனக் கைதிகளைப் பிரித்துத் தனித்தனிப் பகுதிகளில் அடைத்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் சாதி மோதல் அதிகம், அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு என்று சொன்னது. சென்னை உயர் நீதிமன்றமும் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. 2024 அக்டோபர் 3 அன்று, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. ஒழுங்கைக் காப்பது சிறை நிர்வாகத்தின் பொறுப்பு, அதற்குச் சாதிப் பிரிவினை வழியல்ல என்றது. கைதிகளின் பதிவேட்டில் சாதிக்கான கட்டத்தையே நீக்கச் சொன்னது.

"பிரிச்சு வச்சாத்தான் எம்புள்ள உயிரோட வருவான்" என்று சொல்லும் தாய்மார்கள் எங்கள் பக்கம் உண்டு. அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 2021 ஏப்ரலில் அதே சிறைக்குள் பட்டியல் சாதியைச் சேர்ந்த விசாரணைக் கைதி ஒருவர் சக கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டார். சாதி வாரியாகப் பிரித்து வைக்கும் வழக்கம் அவர் உயிரைக் காப்பாற்றவில்லை. யாருக்கும் யாருக்கும் முன்பகை, எந்த வழக்கில் யார் எதிரி, புதிதாக வருபவரை எங்கே வைத்தால் ஆபத்து என்று ஆளுக்கு ஆள் விசாரித்து அறிவதுதான் சிறை அலுவலரின் தொழில். சாதியைக் கேட்டு அறை ஒதுக்குவது அந்தத் தொழிலைச் செய்யாமல் தப்பிப்பது.

அதற்கு விலை கொடுப்பவர்கள் இளைஞர்கள். அடிதடி வழக்கில் உள்ளே போகும் இருபது வயதுப் பையனை, சாதி வாரிப் பகுதி அவன் சாதியின் பெரிய ரவுடியிடம் ஒப்படைக்கிறது. சோப்புக்கும் பீடிக்கும் பாதுகாப்புக்கும் அவனுக்கு அந்த ஆள்தான் கதி. வெளியே வரும்போது அவன் சாதிச் சங்கத்தின் அடியாளாக வருகிறான். துறையின் பெயரோ 'சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை'.

எங்கள் சங்கரன்கோவில் வட்டாரத்துப் பாஞ்சாகுளத்தில் 2022-இல் பட்டியல் சாதிக் குழந்தைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த கடைக்காரர், 'ஊர்க் கட்டுப்பாடு' என்று காரணம் சொன்னார். அந்தக் காணொளியைப் பார்த்து நாடே கொதித்தது, அவர் கைதானார். சரிதான். ஆனால் சாதி பார்த்து மிட்டாய் மறுப்பது குற்றமென்றால், சாதி பார்த்து அறை ஒதுக்குவதற்கு என்ன பெயர்? கடைக்காரர் சொன்னது ஊர்க் கட்டுப்பாடு, சிறை சொன்னது நிர்வாகக் காரணம். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே தெருக்கணக்கு.

தீர்ப்பு வந்துவிட்டது, பதிவேட்டில் கட்டம் அழிந்துவிடலாம். "எந்தத் தெரு?" என்ற கேள்வியை எந்த அழிப்பானும் அழிக்காது. அதைக் கேட்கும் காவலரும் நம் ஊர்களிலிருந்து போனவர்தான். தன் தெருவைச் சிறை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் அவர் சீருடையோடு உள்ளே போக வேண்டும். மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்னாலும், "சாதி கேட்டுப் பிரிக்க மாட்டேன்" என்று மறுக்கும் துணிச்சல்தான் அவருடைய தொழில் நேர்மை.

இதை வாசிப்பவர்களில் பலர் சீருடைப் பணியாளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டாம் நிலைக் காவலருக்கும் சிறைக் காவலருக்கும் ஒரே தேர்வு. நாளை அந்த வாசலில் நிற்கப்போவது நீங்களாகவும் இருக்கலாம். சட்டம் படிப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் சிறைப் பார்வையாளர் குழுவும் சேர்ந்து சிறைகளை ஆய்வு செய்ய வேண்டும் என்று அதே தீர்ப்பு உத்தரவிட்டிருக்கிறது. பாளையங்கோட்டையில் அந்த ஆய்வு எப்போது நடந்தது, என்ன கண்டார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

புதிதாக ஒரு பையன் உள்ளே வருவான். அவனிடம் பெயரைக் கேளுங்கள், வழக்கைக் கேளுங்கள், யாருக்குப் பயப்படுகிறான் என்று கேளுங்கள். தெருவைக் கேட்காதீர்கள்.