சீலிங்குக்குள் யார் பார்ப்பது?

வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி கட்டாயம் என்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது சரியான முடிவு. உயிர் காக்கும் அந்த விதியை இவ்விதழ் முழுமனதோடு ஆதரிக்கிறது. ஆனால் பெரம்பலூர், அரியலூர் வயர்மேன்களுக்கு அதன்பின் வரும் போன் அழைப்புகள் ஒரே புகாரைத்தான் சொல்கின்றன: ஃபால்ஸ் சீலிங் போட்டு டவுன்லைட் மாட்டிய வீட்டில் ஆர்சிடி நிற்கவே மாட்டேன் என்கிறது.

காரணம் பெரும்பாலும் டவுன்லைட்டில் இல்லை. பேஸ் இன்வெர்ட்டரிலிருந்து வந்திருக்கும். நியூட்ரலை மட்டும் பக்கத்தில் கிடைத்த மெயின் லைனில் முறுக்கியிருப்பார்கள். போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் ஒத்துப்போகாதபோது ஆர்சிடி விழத்தான் செய்யும். எர்த் உள்ள டிரைவர்கள், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் சேர்ந்து கசிவதும் உண்டு. 30 மில்லி ஆம்பியர் சாதனத்தில் நிலையான கசிவு 9 மில்லி ஆம்பியரைத் தாண்டாமல் சர்க்யூட்டைப் பிரிப்பதே முறை. எல்லாவற்றையும் ஒரே ஆர்சிடியில் தொங்கவிட்டுவிட்டு, விழுகிறது என்பதற்காக அதை பைபாஸ் செய்வது குற்றம். வீட்டுக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் செய்யக்கூடாது.

அந்த நியூட்ரல் கலப்பு எந்த கனெக்டரில் இருக்கிறது என்று தேடப் போனால்தான் உண்மையான சிக்கல் தெரிகிறது. மேலே ஏற வழி கிடையாது. டிராப் டோர் வைத்தால் அழகு கெடும் என்று வைத்திருக்க மாட்டார்கள்.

ஃபால்ஸ் சீலிங் வேலையில் வயர்மேன் கடைசி ஆளாக அழைக்கப்படுவதை இவ்விதழ் நெடுங்காலமாக எதிர்த்து வருகிறது. லப்பைக்குடிக்காட்டில் வளைகுடாவில் உழைத்தவர் கட்டும் வீடானாலும், ஜெயங்கொண்டத்து ஜவுளிக்கடையானாலும் நடப்பது ஒன்றே. இன்டீரியர்காரர் படம் போடுகிறார், சீலிங் ஆட்கள் சேனல் கட்டிப் போர்டு அடிக்கிறார்கள், அதன்பின் வயர்மேன் ஹோல்சாவோடு வருகிறார். ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஓடும் சீலிங் செக்‌ஷன்மேல் ஓட்டை விழுந்தால் விளக்கை நகர்த்த வேண்டும். படம் மாறக்கூடாது என்று செக்‌ஷனையே வெட்டுகிறார்கள். பைப் இல்லாமல் கிடக்கும் வயரில் போர்டு ஸ்க்ரூ இறங்கினால் ஜிஐ ஃப்ரேம் முழுக்க மின்சாரம் ஏறும். ஃப்ரேமுக்கு எர்த் இருந்தால் ஆர்சிடி அந்த நொடியே விழும். இல்லாவிட்டால் யாராவது தொடும்வரை அது அப்படியே காத்திருக்கும்.

கசிவையாவது ஆர்சிடி பிடிக்கும். சூட்டைப் பிடிக்காது. லூஸ் கனெக்‌ஷனில் கனெக்டர் கருகினாலும் மின்னோட்டம் பேஸில் போய் நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறது. ஆர்சிடிக்கு அதில் குறையே தெரியாது. இங்கே சூட்டுக்குப் பஞ்சமுமில்லை. சிமென்ட் ஆலைகள் சூழ்ந்த அரியலூரில் கான்கிரீட் தளம் இல்லாத புது வீடு அரிது. சித்திரை வெயிலை உறிஞ்சிய தளம் இரவிலும் அனலைக் கீழே இறக்குகிறது. அதைத் தடுக்க போர்டுக்கு மேல் தெர்மாகோலோ கிளாஸ் வுல்லோ பரப்புகிறார்கள். டிரைவர் அதற்குள் புதைகிறது. பத்து டிகிரி கூடினால் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பதை அடிக்கடி டிரைவர் மாற்றுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியது வயர். தெர்மாகோலோடு ஒட்டிக் கிடக்கும் பிவிசி உறையிலிருந்து அதன் மென்மைக்கான வேதிப்பொருள் மெல்ல வெளியேறும். சில ஆண்டுகளில் உறை விறைத்து வெடிக்கும். அரை மீட்டருக்கு மேல் இன்சுலேஷனுக்குள் முழுதாகப் புதைந்த கேபிளின் தாங்குதிறனைப் பாதியாகத்தான் கணக்கிட வேண்டும்.

தேக்குச் சரம் போட்ட பழைய மச்சு வீடுகளில் விளக்கைச் சரத்துக்கு நடுவில் வைக்க வேண்டும். சரத்தை வெட்டவே கூடாது. இன்சுலேஷன் மூடலாம் என்று சான்று பெறாத விளக்குக்கும் மரத்துக்கும் 13 மில்லிமீட்டர், இன்சுலேஷனுக்கு 75 மில்லிமீட்டர் இடைவெளி கேட்கிறது அமெரிக்க விதி. நம் ஊரில் டவுன்லைட்டுக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். ஐஎஸ் 10322 அதற்கான தரம். அந்தப் பதிவு விளக்குக்குச் சான்று தருகிறது, அதன்மேல் எதைப் போர்த்துகிறார்கள் என்பதற்கு அல்ல.

மேற்பார்வையில்லாத கூரை வேலை என்ன செய்யும் என்பதை ஆஸ்திரேலியா பார்த்துவிட்டது. 2009இல் அந்த அரசு வீடுகளுக்கு மானியத்தில் இன்சுலேஷன் போடத் தொடங்கியது. சூடான டவுன்லைட்டுகள் மூடப்பட்டு வீடுகள் தீப்பிடித்தன. வேலை செய்த நான்கு இளைஞர்கள் இறந்தார்கள்; மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கூரைக்குள்ளிருந்த வெப்பத்தால். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. பின்னர் அமைந்த ராயல் கமிஷன் அரசின் அவசரத்தையே குறை சொன்னது.

இங்கே மின்கம்பி உதவியாளர் தேர்வு எழுத 21 வயது நிரம்ப வேண்டும், ஐந்தாண்டு அனுபவம் காட்ட வேண்டும். அவ்வளவும் கேட்டுச் சான்று கொடுத்த அரசு, அந்தச் சான்றே இல்லாதவர் ஒரு சீலிங்குக்குள் நாற்பது விளக்குக்கு வயர் இழுக்கும்போது எங்கே இருக்கிறது? வயரிங் சோதனை அறிக்கையை வாங்கிக்கொண்டு மீட்டர் மாட்டியதோடு அதன் பார்வை முடிந்துவிடுகிறது. சீலிங் வருவது அதற்குப் பிறகு. விபத்து நடந்தால் ‘மின்கசிவு’ என்று ஒரு சொல்லில் கோப்பை மூடுகிறார்கள். பழி வயர்மேன் தலையில் விழுகிறது. விதி எழுதுகிறவர்கள் ஒரு முறையாவது ஏணி ஏறிப் பார்த்திருந்தால் ஆர்சிடியோடு டிராப் டோரையும் சேர்த்து எழுதியிருப்பார்கள்.

மின் ஆய்வுத் துறை ஃபால்ஸ் சீலிங்குக்குத் தனிச் சோதனை அறிக்கை கொண்டுவர வேண்டும். போர்டு அடிக்கும் முன் உரிமம் பெற்றவரின் கையெழுத்து அதில் இருக்க வேண்டும். அதுவரை நம் தொழில்காரர்களே தொடங்கலாம். டிரைவர்களைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கரில் சோதியுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் போர்டை மூட விடாதீர்கள். திறந்திருக்கும் வயரிங்கைப் போனில் படம் எடுத்து, ஒரு பிரதியை வீட்டுக்காரரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.