ஏடிபிக்கு எதற்கு இரண்டு பாடங்கள்?

மேல்நிலை வகுப்பு மாணவர் நியூக்ளியோடைடை இரண்டு இடங்களில் சந்திக்கிறார். சுவாசித்தல் பாடத்தில் அது ஏடிபி, செல்லின் ஆற்றல் நாணயம். மூலக்கூறு மரபியலில் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இழைகளின் கண்ணி. இந்தப் பிரிவினைதான் இரண்டையும் வெறும் மனப்பாடமாக்குகிறது என்பது என் கட்சி. அடினைன், ரைபோஸ் சர்க்கரை, மூன்று பாஸ்பேட்: இதுதான் ஏடிபி. ஆர்.என்.ஏ.வுக்கு 'ஏ' எழுத்து தேவைப்பட்டால் செல் இதே ஏடிபியைத்தான் எடுக்கிறது. கடைசி இரண்டு பாஸ்பேட்டுகளைக் கழற்றிவிட்டு மிச்சத்தை இழையில் கோக்கிறது. அப்படிக் கழல்வதே கோப்பதற்கான ஆற்றலையும் தந்துவிடுகிறது. எழுத்தும் கூலியும் ஒரே மூலக்கூறில்!

அது உருவாகும் விதத்தைப் பார்த்தால் பிரிவினை இன்னும் செயற்கையாகத் தெரியும். அடினைனைத் தனியே செய்து சர்க்கரையில் ஒட்டுவதில்லை; ரைபோஸின் மீதே வளையம் படிப்படியாக எழும்புகிறது. கிளைசீன் இரண்டு கார்பனும் ஒரு நைட்ரஜனும் கொடுக்கிறது. ஃபோலிக் அமிலத்தின் வழிப்பொருள் இரண்டு கார்பன், கார்பன் டை ஆக்சைடு ஒன்று; மீதி நைட்ரஜன் குளூட்டமினும் ஆஸ்பார்டிக் அமிலமும் தருபவை. ஒரே ஒரு பாஸ்பேட் கொண்ட ஏஎம்பி வரை வந்து சேரவே மனித செல் 5 ஏடிபியையும் அதே வகை ஆற்றல் மூலக்கூறான ஜிடிபி ஒன்றையும் செலவழிக்கிறது. இவ்வளவு விலை கொடுத்துச் செய்ததைச் செல் எளிதில் தூக்கி எறியுமா? பாஸ்பேட்டை இழந்து நிற்பவற்றுக்கு மைட்டோகாண்ட்ரியாவில் மீண்டும் பாஸ்பேட் ஏற்றி, திரும்பத் திரும்பப் புழக்கத்தில் விடுகிறது.

டி.என்.ஏ.வின் சர்க்கரையே வேறு, அதைச் சுவாசத்தோடு சேர்த்தால் குழப்பம்தான் மிஞ்சும் என்று ஆசிரியர்கள் சொல்லக்கூடும். ஆனால் அந்தச் சர்க்கரையும் ரைபோ நியூக்ளியோடைடிலிருந்து ஓர் ஆக்சிஜனை நீக்கித்தான் கிடைக்கிறது. பாடச்சுமை கூடும் என்ற கவலை நியாயமானது. ஆனால் நான் கேட்பது புதுப் பாடமல்ல, இருப்பவற்றுக்கு நடுவே ஒரு பக்கம். அந்தப் பக்கத்துக்குப் பொருத்தமானவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். ஜெர்மனியில் கார்ல் லோமன் ஏடிபியைக் கண்டறிந்த அதே 1929-இல் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து அவரும் கண்டறிந்தார். பின்னாளில் லெடர்லே நிறுவனத்தில் அவருடைய குழு, ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினை உருவாக்கியது. நியூக்ளியோடைடு உற்பத்தி முடங்கினால் ரத்தப் புற்றுநோய் செல் பெருக முடியாது; மருத்துவர் சிட்னி ஃபார்பர் அந்நோய் கண்ட குழந்தைகளுக்கு அமினோப்டெரினைக் கொடுத்து, தற்காலிகமாகவேனும் நோய் தணிந்ததை 1948-இல் வெளியிட்டார். அதன் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மூட்டுவாதத்துக்கு அதை எழுதித்தரும் மருத்துவர் கூடவே ஃபோலிக் அமில மாத்திரையும் எழுதுவது ஏன் என்ற கேள்விக்கு, இரண்டு பாடங்களையும் சேர்த்துப் படித்த மாணவரால் பதில் சொல்ல முடியும்.